வழக்கறிஞர் மன்றத்திலிருந்து சட்டசபைக்கு: ஸ்ரீபெரும்புதூர்ப் பிரதிநிதி பக்தவத்சலம்

கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பங்குத் தொகை செலுத்தி அங்கத்தினராகச் சேரும் நெசவாளரும் பயிர்த்தொழிலாளரும், தம் சங்கத்தின் விதிகளை யார் வகுத்தார்கள் என்று கேட்பது அரிது. காரியதரிசி கூறுவதே விதி, ரிஜிஸ்திரார் அனுப்பும் ஆணையே சட்டம் என்று இருந்துவிடுகிறோம். நமது அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 32 ஆம் இனமாகக் கூட்டுறவுச் சங்கங்கள் குறிக்கப்பட்டுள்ளன. 14 ஆம் இனம் விவசாயம். 18 ஆம் இனம் நிலம். ஆதலின் தறியிலும் ஏரிலும் பிழைப்பவரின் வாழ்வைத் தொடும் சட்டங்களுட் பெரும்பாலன, சென்னையில் கூடும் சட்டமன்றத்தில் இயற்றப்படுபவை. 2011 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் 97 ஆவது திருத்தத்தின் வாயிலாகக் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகத்தைப் பற்றிப் பல நிபந்தனைகளை விதித்தது. மாநிலங்களிற் பாதியேனும் இசைவு தராமையால், மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை அவை செல்லா என்று 2021 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நம் சங்கத்தின் தலையெழுத்து சட்டமன்ற அங்கத்தினரின் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய அங்கத்தினர் ஒருவருடைய வாழ்க்கையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். தொலைதூரத்தில் தேட வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி, ஒரு முதல் மந்திரியைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது; பிறகு அவரையே தோற்கடித்து வீட்டுக்கும் அனுப்பியது. அவர்தாம் திரு. எம். பக்தவத்சலம்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில், பூவிருந்தவல்லியைக் கடந்தவுடன் நசரேத்பேட்டை என்னும் ஊர் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரி அதற்கு அண்மையில் உள்ளது. அவ்வூரில் 1897 அக்டோபர் 9 ஆம் தேதி, கனகசபாபதி முதலியாரின் மகனாகப் பக்தவத்சலம் பிறந்தார். ஐந்து வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்வழி மாமன்மார் அவரை வளர்த்தனர். அவர்களுள் ஒருவர் சி. என். முத்துரங்க முதலியார். காங்கிரஸ் இயக்கத்தில் பெயர் பெற்றவர், மத்திய சட்டசபையிலும் இருந்தவர். பிற்காலத்தில் அம்மாமனாரின் புதல்வி ஞானசுந்தராம்பாளையே பக்தவத்சலம் மணந்தார். ஆகவே அரசியல் என்பது அவருக்கு வெளியிலிருந்து வந்ததன்று. வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது.

சென்னைச் சட்டக் கல்லூரியிற் படித்து, 1923 ஆம் ஆண்டில் ஹைக்கோர்ட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அக்காலத்தில் வக்கீல் தொழிலுக்கும் பொது வாழ்வுக்கும் இடையே பெரிய வேலி இல்லை. சேலத்தில் ராஜாஜி, ராஜமகேந்திரத்தில் பிரகாசம் என்று காங்கிரஸ் தலைவர்களுட் பலரும் கறுப்பங்கி அணிந்தவர்களே. காரணம் எளிது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த சட்டத்தைப் படித்துப் பொருள் கூற வல்லவர் கிராமத்தில் இல்லை. குத்தகைத் தகராறு, கடன் பத்திரம், ஏரி மதகின் முறைப்பாடு எல்லாவற்றுக்கும் குடியானவன் வக்கீலிடமே வந்து நின்றான். பீஸ் வாங்கிக்கொண்டு வழக்காடியவர் அநேகர். அவ்வழக்குகளின் வேர் எங்கே இருக்கிறது என்று கவனித்தவர் சிலர். கவனித்தவர்கள் சட்டசபையின் பக்கம் திரும்பினர்.

பக்தவத்சலம் திரும்பிய வழியில் சிறைச்சாலையும் இருந்தது. 1930 இல் ராஜாஜி தலைமையில் நடந்த வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டார். 1932 இல் சுதந்திர தின விழாவை நடத்தியதற்காகச் சிறை புகுந்தார். 1940 இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தின் பொருட்டும், 1942 இல் ஆகஸ்ட் இயக்கத்தின் பொருட்டும் மறுபடியும் சிறைவாசம். இடையில் செங்கற்பட்டு ஜில்லா போர்டிலும் பணியாற்றினார். இவற்றை விரித்தெழுதினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். சட்டசபைப் பணியே இங்கு நமக்கு முக்கியம்.

1937 ஆம் ஆண்டுத் தேர்தலில் திருவள்ளூர்ப் பகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று 18 வயது நிரம்பிய யாவர்க்கும் வாக்குரிமை உண்டு. அன்று அப்படியில்லை. சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளில் ஏதேனும் ஒன்றைக் காட்டியவர்க்கே வாக்கு. கூலித் தறி நெய்தவரும், பிறர் நிலத்தில் உழுதவரும் பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியே நின்றனர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே, வெளியே நின்ற அந்தக் குடியானவனுக்கு ஒரு பெரிய சட்டத்தைச் செய்து கொடுத்தது என்பதை மறக்கலாகாது. அதுவே 1938 ஆம் ஆண்டின் 4 ஆம் சட்டமாகிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம்.

அச்சட்டத்தின் உட்பொருளை ஒவ்வோர் அங்கத்தினரும் தெரிந்துகொள்வது நல்லது. 1932 அக்டோபர் 1 ஆம் தேதிக்கு முன் விவசாயி வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 ஆம் தேதியன்று நிலுவையாக நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலைப் போல் இரண்டு மடங்கு தொகையை எந்த வகையிலேனும் அவன் ஏற்கெனவே செலுத்தியிருந்தால், கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. உதாரணமாக, 100 ரூபாய் வாங்கியவன் வட்டியாகவே 200 ரூபாய் கட்டிவிட்டிருந்தால் அவன் பத்திரத்தைக் கிழித்துவிட வேண்டியதுதான். 1929 க்குப் பின் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்லின் விலை சரிந்து, கடன் மட்டும் சரியாமல் நின்ற காலம் அது. ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த இச்சட்டம் சபையில் நிறைவேறியபோது பக்தவத்சலம் சபை அங்கத்தினர். உள்ளாட்சித் துறையில் பார்லிமெண்டரி காரியதரிசியாகவும் இருந்தார். சட்டம் எவ்வாறு எழுதப்படுகிறது, எழுதியபின் ஜில்லா அதிகாரியின் மேஜையில் எவ்வாறு மாறிவிடுகிறது என்பதை அவர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் இதுவெனலாம்.

1946 இல் பிரகாசம் அமைத்த மந்திரிசபையில் பொதுப்பணி மந்திரியானார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா ஆகியோர் மந்திரிசபைகளிலும் அவர் இருந்தார். அக்காலத்தில் 1948 இல் தொடங்கப்பெற்ற கீழ்பவானித் திட்டம் கோயமுத்தூர் ஜில்லாவில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தந்தது. அதே 1948 இல்தான் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது. அம்மந்திரிசபைக்குத் தலைமை வகித்த ஓமந்தூரார் வழக்கறிஞர் அல்லர், விவசாயி. சட்டம் படித்தவர்தாம் சட்டசபைக்குத் தகுதியுடையவர் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க. சட்டம் எழுதத் தெரிவது வேறு. எந்தச் சட்டம் வேண்டும் என்று தெரிவது வேறு. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் நாட்டின் பாக்கியம்.

வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தபின் நடந்த முதல் தேர்தல் 1952 இல் வந்தது. பக்தவத்சலம் அதில் தோற்றார். ஆனால் 1954 இல் காமராஜர் அமைத்த மந்திரிசபையில் விவசாய மந்திரியாக மீண்டும் இடம்பெற்றார். அம்மந்திரிசபையின் காலத்தில் 1955 ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956 ஆம் ஆண்டு நியாய வாரச் சட்டமும் நிறைவேறின. முன்னது குத்தகைதாரனைக் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுத்தது. பின்னது நஞ்சை நிலத்துக்கு மகசூலில் 100 க்கு 40 பங்குக்கு மேல் நிலச்சொந்தக்காரர் வாரமாகக் கேட்கலாகாது என்றது. செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிப் பாசனக் கிராமங்களில் வாரத்துக்கு உழுத பலர் இச்சட்டங்களைக் காதாற் கேட்டார்களேயன்றிக் கையாற் பெறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்குப் பத்திரம் ஏது? பத்திரம் இல்லாதவன் கோர்ட்டில் தான் குத்தகைதாரன் என்று எப்படி நிரூபிப்பான்? இந்த ஓட்டையை வழக்கறிஞர்கள் நிரம்பிய சபை முதலிலேயே அடைத்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1957 இல் ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1962 இலும் அவரையே தேர்ந்தெடுத்தது. 1957 இல் பக்கத்துத் தொகுதியாகிய காஞ்சிபுரத்திலிருந்து சபைக்கு வந்தவர் சி. என். அண்ணாதுரை. தி.மு.க.வினர் அப்போது சபையில் 15 பேரே. ஒரே ஜில்லாவின் அண்டைத் தொகுதிகள் இரண்டிலிருந்து வந்த இவ்விருவரும் ஐந்தாண்டுக் காலம் எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்திருந்தனர். ஒருவர் உள்துறை மந்திரி. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, விதியையும் பிரிவையும் எடுத்துக் காட்டி விடையளிப்பவர். மற்றவர் நெசவாளர் நகரிற் பிறந்தவர். 1953 இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, அவரும் அவருடைய கட்சியினரும் துணி மூட்டையைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாய் விற்றதை நம்மிற் பலர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கலாம். அவ்வாண்டிலேயே மில் துணிக்குக் கெஜத்துக்கு 3 தம்படி கூடுதல் வரி விதித்து, அத்தொகையைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிட மத்திய சட்டம் வகை செய்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல அந்நிதியின் பலத்தில் நிமிர்ந்தன. தெருவில் விற்றவருக்கும் சட்டம் செய்தவருக்கும் இதில் பங்குண்டு. யாருடைய பங்கு பெரிது என்று இன்றைக்கும் காஞ்சியில் வாதாடுவோர் உளர். நாம் அவ்வாதத்தில் இறங்க வேண்டாம்.

அம்மந்திரிசபையின் காலத்திலேதான் 1961 ஆம் ஆண்டின் 53 ஆம் சட்டமாகக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. அதற்கு முன் இருந்தது 1932 ஆம் ஆண்டுச் சட்டம்; அதற்கும் முன், 1904 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம். 1904 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாட்டிலேயே முதன்முதலாகப் பதிவான சங்கங்களுள், திருவள்ளூரை அடுத்த திரூர்க் கிராமச் சங்கமும், பெரிய காஞ்சிபுரம் நகரச் சங்கமும் சேர்ந்தவை. ஆகவே பழைய செங்கற்பட்டு ஜில்லாக்காரர்க்குக் கூட்டுறவு என்பது நேற்று வந்த சரக்கன்று. 1961 ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 1983 ஆம் ஆண்டின் 30 ஆம் சட்டம் 1988 முதல் நடைமுறையில் உள்ளது.

இச்சட்டங்களில் வழக்கறிஞரின் கைவண்ணம் எங்கே தெரிகிறது என்றால், தகராறு பற்றிய பிரிவிலே தெரிகிறது. சங்கத்துக்கும் அங்கத்தினர்க்கும் இடையே சங்கத் தொழில் தொடர்பாக எழும் தகராறு, சாதாரணச் சிவில் கோர்ட்டுக்குச் செல்லாமல் ரிஜிஸ்திராரிடமே செல்ல வேண்டும். 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 73 ஆம் பிரிவு. இன்றைய சட்டத்தில் 90 ஆம் பிரிவு. ஏன் இப்படிச் செய்தார்கள்? நூல் முன்பணமாக வாங்கிய சிறு தொகைக்கு ஒரு நெசவாளர் முன்சீப் கோர்ட்டில் பல வருஷம் அலைந்தால், வழக்குச் செலவு கடனைத் தின்றுவிடும். ஆதலின் விரைவும் சிக்கனமும் கருதி இவ்வேற்பாடு. நோக்கம் நன்று. ஆனால் சங்கத்தை மேற்பார்வையிடும் இலாகாவே தீர்ப்பும் கூறுமானால், நிர்வாகத்தின்மேல் குறை கூற வந்த அங்கத்தினன் எவ்வளவு தைரியத்துடன் பேசுவான்? தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியுண்டு என்பது உண்மையே. எனினும் அவ்வழியையும் அதற்குரிய கெடுவையும் அறியாமையாலேயே பலர் உரிமையிழக்கின்றனர்.

1963 அக்டோபர் 2 ஆம் தேதி காமராஜர் பதவி விலகக் கட்சிப் பணிக்குச் சென்றார். பக்தவத்சலம் முதல் மந்திரியானார். நாற்பதாண்டுக்கு முன் வழக்கறிஞராகப் பதிவானவர், 66 ஆம் வயதை எட்டும் தறுவாயில் ராஜ்யத்தின் தலைமைப் பொறுப்பேற்றார். நிர்வாகத் திறமையில் அவரை மிஞ்சியவர் அன்று சிலரே என்று எதிர்க்கட்சியினரும் ஒப்புக்கொண்டதுண்டு. அத்திறமைக்கு வந்த சோதனைகள் இரண்டு.

முதலாவது மொழி. 1964 மார்ச்சில் சட்டசபையில் மும்மொழித் திட்டத்தை அவர் பரிந்துரைத்தார். 1965 ஜனவரி 26 ஆம் தேதி முதல் இந்தி மத்திய ஆட்சிமொழியாகும் என்ற நிலை வந்தபோது மாணவர் கிளர்ச்சி மூண்டது, துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, இராணுவமும் வரவழைக்கப்பட்டது. மாண்டோர் தொகையைப் பற்றி அரசாங்கத்தின் கணக்கும் மக்களின் கணக்கும் இன்றுவரை ஒன்றுபடவில்லை. மத்தியிலே மந்திரிகளாயிருந்த சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகக் கடிதம் கொடுத்தனர். பக்தவத்சலமோ இதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே கண்டார். சாட்சியமும் பிரிவும் கொண்டு எதிர்த்தரப்பை மடக்கும் பழக்கம் கோர்ட்டிலே பெருமை தருவது. தெருவிலே பள்ளிப் பிள்ளைகள் நின்றபோது அப்பழக்கம் அவரைக் கைவிட்டது என்றே கூற வேண்டும்.

இரண்டாவது அரிசி. நம் வாசகர்க்கு இதுவே நெருங்கிய விஷயம். 1964 முதல் உணவுத் தட்டுப்பாடு கடுமையாயிற்று. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் நிறுவப்பட்டு, அதன் முதல் ஜில்லா அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. தஞ்சையில் தீவிரச் சாகுபடித் திட்டம் நடந்தது. ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் பரவிற்று. ஆனால் விதை முளைத்துக் களஞ்சியம் நிறையுமுன், 1965 ஆம் ஆண்டு மழை பொய்த்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது, விலைவாசி ஏறியது. சர்க்கார் நிர்ணயித்த விலைக்கு லெவி நெல்லை அளக்க வேண்டியிருந்த விவசாயி, வெளிச்சந்தை விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அரிசிக் கடை வரிசையில் பையுடன் நின்ற நெசவாளியோ, நெல் விளைவித்தவன் பதுக்குகிறான் என்று நினைத்தான். ஒரே கூட்டுறவு இயக்கத்தின் இரு கைகளான இவர்கள் ஒருவரையொருவர் ஐயுற்ற அந்நாட்கள் கசப்பானவை. கொள்முதல், சேமிப்பு, விநியோகம் ஆகிய மூன்றையும் கிராமத்து விற்பனைச் சங்கங்களிடம் இன்னும் அதிகமாக ஒப்படைத்திருந்தால், இவ்வையத்திற் பாதியேனும் எழுந்திராது.

1967 ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. வாக்களித்தது. 234 இடங்களில் 137 ஐ அக்கட்சி வென்றது. காங்கிரஸ் 51 இடங்களோடு நின்றது. விருதுநகரில் காமராஜர் தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் முதல் மந்திரி பக்தவத்சலம், தி.மு.க.வின் டி. ராஜரத்தினத்திடம் தோற்றார். மார்ச் 6 ஆம் தேதி அண்ணாதுரை பதவியேற்றார். அண்டைத் தொகுதிக்காரர் இருவரும் இவ்வாறு இடம் மாறினர். மூன்று படி என்ற வாக்குறுதி, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவிலேயே நடைமுறைக்கு வந்தது என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

தோல்விக்குப் பின் பக்தவத்சலம் இருபதாண்டு வாழ்ந்து, 1987 இல் காலமானார். சென்னைக் கிண்டியில் அவருக்கு நினைவிடம் உண்டு. அவருடைய புதல்வி சரோஜினி வரதப்பன் சமூகத் தொண்டில் பெயர் பெற்றார்.

அவர் வாக்குக் கேட்டு வந்த கிராமங்கள் இன்று அடையாளம் மாறிவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் 1990 களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1998 முதல் ஹூண்டாய் மோட்டார் கார்கள் அங்கிருந்து வெளிவருகின்றன. ஒரகடத்திலும் ஆலைகள் நிறைந்தன. ஏரியின்கீழ் நெல் விளைந்த நிலங்களுள் பல பட்டா மாறின. இவ்விடத்திலும் சட்டமன்றமே முன்னின்றது. தொழிற் பயனுக்காக நிலம் எடுப்பதற்கென்று 1997 ஆம் ஆண்டில் தமிழ்நாடு தனிச் சட்டம் செய்தது. நிலம் கொடுப்பவரின் சம்மதத்தையும் மறுவாழ்வையும் வலியுறுத்தி மத்திய அரசு 2013 இல் புதுச் சட்டம் கொண்டுவந்தபோது, மாநிலச் சட்டத்துக்கு விலக்களிக்கும் திருத்தத்தைத் தமிழ்நாடு செய்துகொண்டது. 2019 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட் அத்திருத்தத்தைச் செல்லாதென்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் வேறொரு சட்டத்தால் அதற்கு உயிர் கொடுத்தது; 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றது. ஏர் பிடித்தவர் ஒருவர் தம் நிலத்துக்கு எந்தச் சட்டத்தின்படி ஈடு கேட்பது என்பது இந்த ஏழெட்டாண்டில் இத்தனை முறை புரண்டிருக்கிறது. மசோதா சபைக்கு வந்த நாளில் நம் தொகுதி அங்கத்தினர் என்ன பேசினார் என்பதைச் சபை நடவடிக்கைக் குறிப்பில் எவரும் படித்துப் பார்க்கலாம். படித்தவர் எத்தனை பேர்?

அடுத்த மாதப் படிப்பு வட்டத்தில் 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 90 ஆம் பிரிவையும், அதன்மேல் அப்பீல் செய்யும் முறையையும் வரி வரியாகப் படிப்போம். அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் துணைவிதிப் புத்தகத்தையும், கையிலுள்ள கணக்குப் புத்தகத்தையும் தவறாது கொண்டுவருக. துணைவிதிப் பிரதி கைவசம் இல்லாதோர் தம் சங்கக் காரியதரிசியிடம் இப்பொழுதே எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்க.